ஐந்து சேவல்களுக்குக் காக்கிச் சட்டை தைத்த விவரம்

அடையாள அட்டையில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பது சந்தேகம். ஊசி என்று கூப்பிட்டால் எங்கிருந்தாலும் வருவேன். வயது ஐம்பத்திரண்டு. தொழில் தையல். இந்தக் காவல் நிலையத்துக்குப் பின் தெருவில், பல் டாக்டரின் மாடி கிளினிக்கை ஒட்டிய வீட்டில் மனைவியுடன் வசித்து வருகிறேன். இந்த நிலையத்தார் அனைவருக்கும் சீருடை தைப்பவன் நானே. இன்று காலை என் வீட்டுக் கொல்லையிலிருந்து சட்டையோடு பிடித்து வரப்பட்ட ஐந்து சேவல்களும் எங்களுடையவை. காவல் துறையைக் கேலி செய்ததாக முடிவானால் அவை ஏலத்துக்குப் போகும் என்று ரைட்டர் ஐயா சொன்னதன் பேரில், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் மனைவி பெட்டை என்று நம்பி ஐந்து குஞ்சுகள் வாங்கி வந்தார். ஐந்தும் வளர்ந்து கூவின. அறுத்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு அவர், "கையால தீனி போட்டு வளர்த்தத அறுக்கணும்னா மொதல்ல என்னைத் தாண்டிப் போங்க" என்றார். அவரைத் தாண்டும் துணிச்சல் எனக்கு என்றும் இருந்ததில்லை. அதன் பிறகு கம்பி வலை அடித்து ஐந்தையும் ஒன்றாக விட்டோம். பெட்டைக்கோழி அவற்றின் கண்ணில் படக்கூடாது, எல்லாவற்றுக்கும் ஒரே தீனித்தட்டு கூடாது, முறைத்துக்கொண்டால் ஒளிய மறைவு வேண்டும் என்று பட்டுத் தெரிந்துகொண்டு, தனித்தனித் தட்டு வைத்து, நடுவே ஒரு பழைய கதவைச் சாய்த்து வைத்தேன். அதன் பிறகு ஐந்தும் என் அண்ணன் தம்பிகளைவிட ஒற்றுமையாக இருந்தன.

சென்ற வாரம் பெரிய சேவல் கம்பியில் மாட்டி முதுகைக் கிழித்துக்கொண்டது. மருந்து போட்டு, புண்ணை மற்றவை கொத்தாமலிருக்க அளவெடுத்து ஒரு சட்டை தைத்தேன். அந்த அகலத்துக்கு என் தையல் கடையில் கிடைத்தது காக்கித் துண்டு மட்டுமே. அது சீருடை வெட்டும்போது விழுந்த மிச்சம். மிச்சத் துணி தையல்காரனுக்கு என்பது தொழில் வழக்கம், திருட்டு அல்ல. காக்கியில் கத்தரி வைத்தால் என் கை தானாகத் தோள்பட்டைப் பட்டியும் வைத்துவிடும். சேவலுக்குத் தோள் இல்லை என்பது தைத்து முடித்த பிறகே உறைத்தது.

அதன் பிறகு சட்டையோடு அதை உள்ளே விட்டதும், கூடவே வளர்ந்த நான்கும் அதை யாரோ வெளியாள் என்று நினைத்துப் பாய்ந்தன. பிரித்துவிடுவதற்குள் என் கையும் கிழிந்தது. சட்டையைக் கழற்றினால் புண், போட்டால் சண்டை. என் மனைவி அன்று சாப்பிடவில்லை. பெரியதை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க தச்சதால வந்த வினை, நீங்களே தச்சு சரி பண்ணுங்க" என்றார். எனக்கும் மனசு கேட்கவில்லை. அதன் பிறகு மற்ற நான்குக்கும் அதே துணியில், அதே தோள்பட்டைப் பட்டியோடு தைத்துப் போட்டேன். யார் யார் என்று புரியாமல் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, ஐந்தும் சேர்ந்து மேயப் போயின.

இன்று காலை டாக்டரிடம் வாயைத் திறந்து படுத்திருந்த ஒருவர், அவை வரிசையாக நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக் குலுங்கிச் சிரித்ததில், டாக்டர் பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். புகார் அதனால் வந்தது. அந்தப் பல்லுக்காக வருந்துகிறேன். பெரிய சேவலின் வயிறு இந்த நிலையத்தில் யாரையும் பார்த்து அளவெடுத்தது அல்ல. அது அதன் சொந்த வயிறு.

புண் ஆறிவிட்டபடியால், சட்டைகளைக் கழற்றிவிட்டுச் சேவல்களைக் கொண்டுபோகலாம் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். சம்மதித்தேன். ஆனால் கூட்டத்தில் யார் வித்தியாசமாகத் தெரிகிறாரோ அவர்மேல்தான் அவை பாயும் என்பதால், ஐந்தையும் ஒரே நேரத்தில் கழற்ற ஐந்து பேர் வேண்டும். நான், வாசலில் காத்திருக்கும் என் மனைவி, ஏட்டு ஐயா, ரைட்டர் ஐயா போக ஐந்தாவது ஆளாக இன்ஸ்பெக்டர் ஐயாவே வருவதாகச் சொல்லி, "கொத்துமா?" என்று கேட்டார். "நீங்களும் காக்கிதானேங்க, இப்போ கொத்தாது" என்றேன். சட்டைகள் கழன்ற பிறகு அறையில் காக்கியோடு மிஞ்சப்போவது யார் என்று அவர் கேட்கவில்லை. கதவை மட்டும் திறந்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை வாசிக்கக் கேட்டேன். என் வாயிலிருந்து வந்தவையே, பொய் கலக்கவில்லை.

(ஒப்பம்) ஊசி