கூலி ஆட்டக்காரனின் இடது கண்

உங்கள் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கிறது, மேடம். ஒரு பக்கக் கால் விரிந்துவிட்டது. என் கடைக்கு வந்திருந்தால் வெந்நீரில் கொஞ்சம் காட்டி, விரலால் வளைத்து, காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்திருப்பேன். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வேன். கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காசுக்காக எதையும் செய்கிற ஆள் இல்லை நான். நீங்கள் விசாரிக்கிற விஷயமும் ஒரு விதத்தில் அதைப் பற்றியதுதான்.

எங்களுடையது அமெச்சூர் கிரிக்கெட் கிளப். வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆடுவது. ஒரு பல் டாக்டர், வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி இருவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர், என் மனைவியின் தம்பி, நான். பந்து வாங்குகிற காசைக்கூட நாங்களே போட்டுக்கொள்வோம். ஆட்டம் அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வங்கிக்காரர்கள் பக்கம் பந்து வந்தால், சாப்பாட்டு நேரத்தில் வாடிக்கையாளர் வந்துவிட்ட மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆனால் அது சுத்தமாக இருந்தது. யாரும் யாருக்கும் கூலி தரவில்லை.

நான்காவதாக இறங்குவது நான். பல வருஷமாக அந்த இடம் என்னுடையது. இந்த விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கேட்டீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் பயிற்சி கொடுத்தேன். யாரும் கேட்டு அல்ல, நானாக ஆரம்பித்தது. ஒரு ஊரின் விளையாட்டு அதன் பிள்ளைகளிடமிருந்து வளர வேண்டும் என்பது என் கொள்கை. முதலில் நான் மட்டை பிடிப்பேன். பிள்ளைகள் பந்து போடுவார்கள், போன பந்தைப் பொறுக்கி வருவார்கள். சரியான ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் முதல் பாடம். அதற்குப் பிறகு நேரம் இருந்தால் அவர்களும் பிடிக்கலாம். பெரும்பாலும் அதற்குள் வெயில் ஏறிவிடும். பாதிப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் நின்றுவிடுவார்கள். அதற்குப் பெற்றோரைத்தான் சொல்ல வேண்டும். பொறுமை என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது.

கிளப்பின் தலைவர் டைல்ஸ் கடைக்காரர். கிரிக்கெட்டில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கோப்பையின் உயரம். போன சீசனில் நாங்கள் கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்தோம். தன் கடைப் பெயர் அச்சிட்ட சட்டைகள் தோற்பதைப் பார்க்க அவருக்கு வலித்திருக்கிறது. கடையின் மாடியில், விற்பனைக்கு வைத்திருந்த மாதிரிக் குளியலறைகளுக்கு நடுவே கமிட்டியைக் கூட்டினார். எனக்கு இடம் கிடைத்தது தண்ணீர் வராத ஒரு வாஷ்பேசினுக்குப் பக்கத்தில்.

“வெளியிலேர்ந்து ஒரு ஆளைக் கொண்டு வர்றோம். மாசச் சம்பளம், தங்க ரூம். ஜெயிச்சாத்தான் நாலு பேர் நம்மளைத் திரும்பிப் பார்ப்பான்” என்றார்.

“அந்தக் காசுல பிள்ளைங்களுக்கு வலை போடலாம். இருக்கிற வலை கிழிஞ்சு பந்தெல்லாம் ரோட்டுக்குப் போகுது” என்றேன்.

“போனா ஓடிப் பொறுக்கட்டுமே. அதுவும் ஒரு எக்சர்சைஸ்தானே?”

எல்லாரும் சிரித்தார்கள். பல் டாக்டர் சற்று அதிகமாகவே சிரித்தார். அவர் வீட்டுக் குளியலறை வேலை அப்போது பாதியில் நின்றிருந்தது.

மச்சான்தான் கேப்டன். நான் வாங்கிக் கொடுத்த மட்டையில் ஆட்டம் பழகியவன். அவன் கேட்டான்: “மாமா, நீங்க பிள்ளைங்களுக்காகப் பேசுறீங்களா, இல்ல உங்களுக்காகவா?”

பதில் சொல்லத் தகுந்த கேள்வியாக அது எனக்குப் படவில்லை. எதிர்ப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். என் கையும், ஸ்கோர் எழுதுகிறவர் கையும் உயர்ந்தன. தலைவர் அவர் பக்கம் திரும்பியதும், அவர் அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

இப்படித்தான் அவன் வந்தான். அவனுக்குப் பெயர் இருக்கிறது, உங்களிடம் எழுதியும் இருக்கிறது. நான் அவனை ‘சம்பளம்’ என்று சொல்வேன். கொஞ்ச நாளில் கிளப்பில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். “சம்பளம் வந்தாச்சா?” “சம்பளம் இன்னிக்கு லேட்டு.” அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். வெட்கம் இருந்தால் சிரித்திருக்க மாட்டான்.

அவன் நான்காவதாக இறங்கினான். மச்சான் எனக்கு விஷயத்தை போனில் சொன்னான், நேரில் வர முகம் இல்லை. “ரெண்டாவது டீமுக்கு உங்களை மாதிரி ஒருத்தர் வேணும் மாமா.” என்னை மாதிரி என்றால் எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை. என் மனைவி அன்றைக்குத் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி போட்டாள். அந்தப் பரிவையும் நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

இதுவரை எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. கூலிக்கு வந்தவன்மேல் கோபப்படுவது வாடகைக் கார்மேல் கோபப்படுகிற மாதிரி. பிறகு அவன் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினான்.

யாரும் கூப்பிடவில்லை. அதற்குச் சம்பளமும் இல்லை. ஒரு பழைய காலுறைக்குள் டென்னிஸ் பந்தைப் போட்டுக் கம்பத்தில் தொங்கவிட்டு, வரிசையாக ஒவ்வொரு பிள்ளையையும் அடிக்க வைத்தான். நாலு பேர் கொண்ட சின்னச் சின்ன அணிகளாகப் பிரித்து ஆடவிட்டான். பெண் பிள்ளைகளும் வந்தார்கள். நின்றுபோன பிள்ளைகள் தம்பி தங்கைகளோடு திரும்பி வந்தார்கள். மைதானம் முழுக்கச் சிரிப்புச் சத்தம். பயிற்சியில் சிரிப்பு வந்துவிட்டால் அங்கே பயிற்சி இல்லை என்று அர்த்தம். காலை முழுக்க அவன் ஒரு தடவைகூட மட்டையைத் தொடவில்லை. மட்டையைத் தொடாமல் மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறவனைப் பற்றி நான் என்ன நினைப்பது? என் முறை எப்போது வரும் என்று ஓரமாக நின்றேன். ஒரு தாய் என்னிடம் வந்து, “சார், நீங்க எந்தப் பிள்ளையோட அப்பா?” என்று கேட்டாள்.

அந்த வாரம்தான் அவன் என் கடைக்கு வந்தான். தூரப் பார்வைக்கு இரண்டு கண்ணிலும் லென்ஸ் போடுகிறவன்.

“டாக்டர், பழைய லென்ஸ் தேதி முடிஞ்சிருச்சு. புதுசு வேணும்.”

நான் டாக்டர் இல்லை, கண்ணாடிக் கடைக்காரன். அவனைத் திருத்தவில்லை. பவர் பார்த்தேன். வலது கண்ணுக்குச் சரியானதைக் கொடுத்தேன். இடது கண்ணுக்குக் குறைவானதைக் கொடுத்தேன். வலது கையால் ஆடுகிறவனுக்குப் பந்து போடுகிறவன் பக்கம் இருப்பது இடது கண். லென்ஸ் பெட்டியில் பவர் அச்சிட்டிருக்கும். அதனால் அவற்றைப் பிரித்துச் சிறிய குப்பிகளில் போட்டுக் கொடுத்தேன். பிறகு எழுத்துப் பலகையைக் காட்டி இரண்டு கண்ணாலும் வாசிக்கச் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் வாசித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் வாசிக்கச் சொல்வது என் தொழிலின் அரிச்சுவடி. நான் சொல்லவில்லை.

அது ஒன்றும் பெரிய தீங்கு இல்லை, மேடம். தெருவில் நடக்கலாம், செய்தித்தாள் படிக்கலாம். இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தை அளக்கிற வேலை மட்டும் கொஞ்சம் தடுமாறும். வேகமாக வருகிற பந்து எங்கே இருக்கிறது என்பதில் ஒரு மயிரிழை பிசகும். ரன் வராது. ரன் வராதவனைத் தலைவர் வைத்துக்கொள்ள மாட்டார். நான் கணக்குப் போட்டது அவ்வளவுதான்.

ரன் வரவில்லை. தலைவர் எல்லைக் கோட்டில் நின்று எல்லார் காதிலும் விழும்படி, “இதுக்கா நான் காசைக் கொட்டுறேன்?” என்றார். வங்கித் தம்பி, “டெபாசிட் போட்டிருந்தா வட்டியாவது வந்திருக்கும்” என்றார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அவன் ஊரைப் பார்த்துப் போயிருந்தால் நீங்களும் நானும் சந்தித்திருக்கவே மாட்டோம்.

அவன் போகவில்லை. மறுபடியும் கடைக்கு வந்தான். தோளில் நீலமாக ஒரு காயம்.

“டாக்டர், பந்து கடைசி நேரத்துல எங்கேயோ போயிடுது.”

“புது லென்ஸ். பழகணும்.”

“எவ்வளவு நாள்தான் பழகுறது? வீட்டுக்காரி தினமும் போன்ல கேக்குறா, என்னதான் ஆச்சு உனக்குன்னு.” பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: “ஒரு நல்ல சேதியும் இருக்கு. தலைவர்கிட்ட பேசிட்டேன். அடுத்த சீசன்லேர்ந்து குடுக்குற சம்பளத்துக்கு நான் பாதி ஆடுறேன், பாதி பிள்ளைங்களைப் பாக்குறேன்னு. ஸ்கூல் ஸ்கூலா போவோம். முதல்ல யோசிச்சாரு, அப்புறம் சரின்னுட்டாரு. ஆரம்பிச்சு வச்சது நீங்கதானே, நீங்களும் கூட வரணும் டாக்டர்.”

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தேன். கிளப்பின் காசு பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்று வருஷக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியவன் நான். வாஷ்பேசின் ஓரத்தில் உட்கார்ந்து கத்தியவன். அதையே இவன் கூலி வாங்கிக்கொண்டு ஒரே பேச்சில் முடித்துவிட்டான். என் கொள்கையை ஒருவன் என்னிடமிருந்து எடுத்து, எனக்கே தானமாகக் கொடுக்கிறான். இதைவிட அசிங்கமான திருட்டை நான் பார்த்ததில்லை.

“லென்ஸைக் கழட்டுங்க, மாத்தித் தர்றேன்” என்றேன். உள்ளே போய், இடது கண்ணுக்கு முன்னதைவிடவும் குறைந்த பவரில் ஒன்றைக் கொண்டுவந்தேன். போட்டுக்கொண்டு கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தான். “கொஞ்சம் மங்கலா இருக்கே?” என்றான். கண்ணில் வறட்சி என்று சொல்லி ஒரு சொட்டு மருந்தும் கொடுத்தேன். மருத்துவமனையில் அவன் கண்ணிலிருந்து எடுத்து நீங்கள் உறையில் போட்டு வைத்திருப்பது அந்த லென்ஸ்தான். உங்கள் கண் மருத்துவர் சொன்னது சரி.

அந்த ஞாயிறு பல் டாக்டருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மச்சான் வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டான். எதிரணியில் ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிற ஒரு பையன், அந்த லீக்கிலேயே வேகமாகப் பந்து போடுகிறவன். தரையும் கெட்டியாக இருந்தது, பந்து எழும்பியது. நான் இறங்கியபோது மறுமுனையில் ‘சம்பளம்’ நின்றிருந்தான். அவன் தடவிக்கொண்டிருந்தான். நான் நன்றாக ஆடினேன். இதை நானே சொல்லிக்கொள்வதாக நினைக்க வேண்டாம், அங்கே இருந்த யாரும் சொல்வார்கள்.

ரொட்டிக் கடைப் பையன் அடுத்த ஓவரைப் போட வந்தபோது ‘சம்பளம்’ பாதித் தூரம் நடந்து வந்து என் காதோடு சொன்னான்: “டாக்டர், இவனை மட்டும் நீங்களே பாத்துக்குறீங்களா? எனக்குச் சுத்தமாத் தெரியல.”

“பாத்துக்குறேன்” என்றேன்.

ஓவரின் பாதியில் அவர்கள் கேப்டன் ஒருவனைக் கால் பக்கத்து எல்லைக் கோட்டுக்கு அனுப்பினான். கிரிக்கெட் ஆடுகிற எவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும். எகிறுகிற பந்து வரப்போகிறது, தலை உயரத்துக்கு. ஆனால் உடனே வந்த பந்து சாதாரணமானது, அதை நான் மெதுவாகத் தட்டிவிட்டேன். தட்டாமல் விட்டிருக்கலாம். தட்டினாலும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கலாம். “ஓடு” என்று கூப்பிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். நடுவர் அதைக் கவனித்ததாகச் சொன்னாராம், அவர் சொன்னது உண்மை. ஆனால் கூட ஆடுகிறவன் கூப்பிட்டால் ஓட வேண்டும் என்பது முதல் பழக்கம். ஓடினான். முனை மாறியது.

அடுத்த பந்தை அவன் சீக்கிரமே அடிக்கப் போனான். பந்து இன்னும் வந்து சேரவில்லை. வந்தபோது அவன் முகம் திரும்பியிருந்தது. ஹெல்மெட்டுக்குக் கீழே, காதுக்குப் பின்னால். சத்தம் அதிகம் இல்லை.

ரொட்டிக் கடைப் பையன் தரையில் உட்கார்ந்து அழுதான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று தயவுசெய்து அவனிடம் சொல்லிவிடுங்கள். லென்ஸை மாற்றியது நான். ஓடச் சொன்னது நான். அடி விழும் என்று தெரியும். சாவான் என்று தெரியுமா என்றால், தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தையும் நான் சொன்ன மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை நினைத்துத்தான் எல்லாம் செய்தேன். நேற்று நீங்கள் என்னைத் தேடி வருவதற்கு முன்னால், சனிக்கிழமை ஆயிற்றே என்று மைதானத்துக்குப் போயிருந்தேன். மட்டையும் எடுத்துப் போனேன். ஒரு பிள்ளைகூட வரவில்லை. எல்லாரையும் அவன் வீட்டுத் துக்கத்துக்கு வண்டி வைத்து அழைத்துப் போயிருக்கிறார்கள். இந்தப் பெற்றோருக்கு ஒழுங்கு என்பதே கிடையாது.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒன்று. ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். துக்கத்துக்கு மரியாதையாக அந்த ஆட்டத்தையே கணக்கில் சேர்க்கப் போவதில்லை என்று லீக்கில் முடிவெடுத்திருக்கிறார்களாம். அது விதிப்படி தவறு, மேடம். ஆட்டம் பாதியில் நின்றாலும் அவரவர் எடுத்த ரன் அவரவருக்குத்தான். நான் முப்பத்தொன்று, அவுட் இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள்.