பாடையருகே ஊற்றிய சாராயம்

அவைத் தலைவர் அவர்களே, மதுவிலக்குச் சங்கத்துப் பெரியோர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வேலாயி அம்மா அவர்களே, கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெரு அன்பர்களே, தோட்டங்களிலிருந்து நடந்து வந்திருக்கும் சகோதரர்களே, வணக்கம்.

சுருக்கமாகப் பேசும்படி தலைவர் என் காதில் சொன்னார். எனக்கு அப்படிப் பேச வராது. கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

வண்டிக்காரர் பழனியாண்டி அண்ணன் போய்விட்டார். என்னைவிட வயதில் இளையவர்; ஆனாலும் எனக்கு அவர் அண்ணன்தான். எனக்கு முன்னே பேசியவர்கள் அவரை வீரர் என்றார்கள், தியாகி என்றார்கள். அவர் உயிரோடு இருந்தபோது இந்த மேடையில் அவருக்கு ஒரு கதிரை போட்டீர்களா? அன்று அவர் கை நடுங்குகிற பழைய குடிகாரர். இன்று தியாகி!

நானும் குடிகாரன்தான். சங்கத்தின் கூட்டங்களில் கை தூக்கிச் சத்தியம் செய்தேன். வீடு போகிற வழியிலேயே குடித்தேன். சத்தியம் செய்யச் சொன்னவர்களில் ஒருவராவது என்னோடு அந்தச் சாராயக் கடை, தவறணை வாசல்வரை நடந்து வந்ததுண்டா? அண்ணன் வந்தார். பாலத்தடியில் கிடந்த என்னை வண்டியில் ஏற்றி ஜமால்தீன் நானாவின் கடைக்குக் கொண்டுபோனார்.

குடியை விட நினைத்த எங்கள் எல்லாருக்கும் நானாவின் மிளகுக் கிடங்குதான் இடம். சாராய வாடையே அறியாத கடை என்பதால் அண்ணன் அதைக் கேட்டு வாங்கினார். சம்பள நாளில் தவறணை திறந்திருக்கும் நேரமெல்லாம் நாங்கள் அங்கே குந்தியிருந்து மிளகு பொறுக்குவோம். நடுங்குகிற கைக்கு வேலை வேண்டும் என்பார் அண்ணன். தவறணை மூடிய பிறகுதான் எழும்புவோம். இடையில் தவறிக் குடித்தவனுக்கும் அங்கே கதவு அடைத்ததில்லை. "குடிச்சிட்டு வந்தாலும் வாங்க, வந்து ஒரு மூலையில இரிங்க" என்பார் நானா. "நானா, இவன் வாந்தி எடுத்தா ஒங்க மிளகு போச்சே!" என்று அண்ணன் சிரிப்பார். "மிளகக் கழுவலாம், மனுசன என்ன செய்ற?" என்பார் நானா.

அப்படி வந்தவன்தான் ராஜலிங்கம். கடைசியாக வந்தவன், எங்களில் இளையவன். அண்ணன் அவனைத் தம் பக்கத்திலேயே இருத்திக்கொள்வார். அந்த ராஜலிங்கம் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. ஏன் இல்லை?

செத்த வீட்டில் சாராயம் வேண்டாம் என்று அண்ணன் தோட்டம் தோட்டமாகச் சொல்லித் திரிந்தார். தம் சாவுக்கும் வேண்டாம் என்று வேலாயி அம்மாவிடம் சொல்லிவைத்தார். அவருடைய பாடை வாசலில் இருக்கும்போது என்ன நடந்தது? "தொண்டை நனையாம மம்பட்டி எறங்காதுங்க" என்று குழி வெட்டுகிறவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கூடாது என்று நான் கத்தினேன். "பொணத்த வச்சிக்கிட்டு சண்ட போடாதீங்க பெரியவரே" என்று என்னைத் தள்ளினார்கள். வழமையை மீறினால் ஊர் பேசும் என்று சொன்னவர்கள், மன்னியுங்கள், மன்னிக்க வேண்டாம், இந்த மேடையில்தான் இருக்கிறார்கள். போத்தல் வந்தது. "அவரு மூஞ்சிக்கு முன்னாலயேவா ஊத்துறீங்க?" என்று அந்த அம்மா கதறியது உங்கள் காதில் விழவில்லையா?

ராஜலிங்கம் பாடைக்குத் தோள் கொடுக்க நின்றான். பாடை தூக்குகிறவர்களிடமும் போத்தல் சுற்றி வந்தது. "அண்ணனுக்காக ஒரு மொடக்கு, ராசு! இதுகூடக் குடிக்காட்டி நீயெல்லாம் என்னா தம்பி?" என்று ஒருவன் சீண்டினான். அண்ணன் மேலிருந்த அன்புக்காகவே ராஜலிங்கம் குடித்தான். ஐயோ! அன்பை வைத்தே அவனைக் கவிழ்த்துவிட்டோமே!

அன்றிலிருந்து அவன் மிளகுக் கிடங்குப் பக்கம் வரவில்லை. தேடிப் போனேன். தவறணைச் சுவரில் சாய்ந்திருந்தான்.

"ராசு, எழும்பு. நானா கேக்கிறாரு."

"வேணாங்கய்யா. அண்ணன் பொணத்துக்கிட்டயே குடிச்சவன் நான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க வர்றது?"

"குடிச்சவனுக்குத்தான்டா அந்த எடம்."

"அண்ணன் இருந்தா வந்திருப்பேன்" என்றான்.

இனி அவனைத் தேடிப் போக உங்களில் யார் இருக்கிறீர்கள்?

அண்ணனின் படத்தை இந்த மண்டபத்தில் மாட்டப் போவதாகச் சொன்னீர்கள். மாட்டுங்கள். படம் யாரைப் போய் எழுப்பும்? மிளகுக் கிடங்கில் இப்போது நானாவும் நானும் இன்னும் இரண்டொருவரும்தான். அதுவும் எவ்வளவு காலத்துக்கு என்று தெரியாது. நம்பிக்கையோடு பேசுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குக் கருமாதி. அந்த வாசலில் ஒரு துளி சாராயம் இறங்காது. சாராயம் இல்லையென்று தப்படிக்க ஆள் வராவிட்டால் தப்புமேளம் இல்லாமல் நடக்கும். வழமை என்று போத்தலோடு வருகிறவர் எவராக இருந்தாலும், வாசலில் என்னைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். வேலாயி அம்மா, இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இன்று சம்பள நாள். நாம் இங்கே அண்ணனைப் புகழ்ந்துகொண்டிருக்கிற இந்த நேரம் தவறணை திறந்திருக்கிறது. ராஜலிங்கம் அங்கேதான் இருப்பான். நன்றியுரைக்கு நான் இருக்கப் போவதில்லை. அவனிடம் போகிறேன். கூப்பிட்டால் வரமாட்டான் என்றே நினைக்கிறேன். வராவிட்டால் அந்தச் சுவரடியில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், தவறணை மூடும்வரை. நாளைக்கும் போவேன்.