ரிப்பன் வெட்டாத வண்டி

யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். எங்கள் பிஸ்கட் கம்பெனி கேன்டீனில் எனக்குத் தர்மப்பிரபு என்றே பெயர், கிண்டலாகத்தான். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, முதியோர் இல்லத்துக்குப் போர்வை என்று கம்பெனி ஊருக்குக் கொடுப்பதெல்லாம் என் கை வழியாகப் போகும். வாங்கிக்கொள்கிறவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பணம் முதலாளியுடையது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கும்பிடு எனக்குத்தானே.

இந்த ஆம்புலன்ஸும் அப்படி வந்ததுதான் சார். தர்ம ஆஸ்பத்திரிக்கு வண்டியே கிடையாது. நாயாய் அலைந்து முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன். வண்டி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டது. மறுநாள் காலை முதலாளி வந்து ரிப்பன் வெட்ட வேண்டியதுதான் பாக்கி.

ரிப்பனைக் கட்டினால் காற்றில் நழுவியது. எதிரே கடை வைத்திருந்த தையல்காரரைக் கூப்பிட்டேன். தங்கமான மனிதர். வண்டியைச் சுற்றி இழுத்துப் பிடித்து, நின்ற இடத்திலேயே கையால் தைத்து, கதவின் மேல் பெரிய பூவாக முடித்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. விழாத் தட்டில் வைக்கத் தன் கத்தரிக்கோலையே சாணை பிடித்துத் தந்தார்.

"நல்ல காரியம் சார். எங்க பாப்பாவுக்கு அடிக்கடி இழுப்பு வருது. இனிமே வண்டி இருக்குன்னு தைரியமா இருப்போம்ல" என்றார்.

அன்று மதியமே பாப்பாவுக்கு இழுப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும், புது வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார். தையல்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க சார். ரிப்பன நானே பிரிச்சிடறேன். ராத்திரியே உக்காந்து பழையபடி தைச்சுக் குடுத்துடறேன் சார். பிரிச்சதே தெரியாது."

நியாயமான யோசனைதான். ஆனால் எங்கள் முதலாளியை உங்களுக்குத் தெரியாது. திறப்பதற்கு முன்பே பிள்ளைகள் உட்கார்ந்துவிட்ட பெஞ்சைப் பார்த்து, விழாவிலிருந்து எழுந்து போனவர். அந்தப் பள்ளிக்கு அப்புறம் ஒரு சாக்பீஸ்கூடப் போகவில்லை. ஒரு குழந்தைக்காக ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேர் தலையிலும் மண்ணை அள்ளிப் போடுவதா?

"சாவி டிரைவர்கிட்ட இருக்கு. அவரு ஊருக்குப் போயிட்டாரு" என்றேன். தன்மையாகத்தான் சொன்னேன்.

தையல்காரருடைய மச்சானின் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டார்கள்.

விழா ஒரு குறையுமில்லாமல் நடந்தது. முதலாளியின் பேச்சில் நான் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன்: வண்டி இல்லாமல் நேற்று இந்தத் தெருவில் ஒரு பிஞ்சு போய்விட்டது, இனி அப்படி நடக்காது. கூட்டமே அழுதது. முதலாளி கண்கலங்கி அங்கேயே இன்னொரு வண்டி தருவதாக அறிவித்தார். அந்தக் குழந்தையால் ஊருக்கு இரண்டு வண்டி, யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்டது சாவியைப் பற்றி. டிரைவர் உங்களிடம் சொன்னது உண்மைதான். அவர் எந்த ஊருக்கும் போகவில்லை. காலையிலேயே சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. மூச்சுக்குத் தவித்த குழந்தை கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பையைத்தான் பிடித்தது. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன், வலிக்காமல்.

இரண்டாவது வண்டியின் பக்கவாட்டில் குழந்தையின் பெயரை எழுத வைத்தேன், என் சொந்தச் செலவில். கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தையல்காரரிடம் அதைச் சொன்னேன். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் ஒரு கும்பிடு போட்டிருக்கலாம். அது ஒன்றுதான் சார், இன்னும் மனசை உறுத்திக்கொண்டிருக்கிறது.