கோத்லுரியின் அறுபத்திரண்டு வீடுகளுக்காகப் பேசிய துபாஷி தாவுதிலாவ் அவர்களுக்கு

மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து மேசைமேல் சாய்ந்து கிடக்கும் நம் மலைக் கச்சேரி அலுவலகத்தின் மூத்தவரே! முப்பத்தோராண்டு இரு மொழிகளுக்கிடையே நின்று, சொல்லும் பொருளும் சிதறாமல் சுமந்த செம்மலே! துபாஷி தாவுதிலாவ் அவர்களே! உங்களைப் பாராட்டும் இவ்விழாவில் உங்கள் முன்னே எழுந்து நிற்கிறோம்.

ருஷ்யப் பேரரசர் ஜாரின் படைப் பீரங்கிகளுக்கு எதிரே, கோத்லுரி என்னும் மலையூரின் மதில்மேல் மாண்டவர் உங்கள் தந்தை. பிணைக்கைதிப் பிள்ளையாக ருஷ்யரின் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்ட நீங்கள், பனி பொழியும் முற்றத்தில் காவல் வீரர்கள் பாடுவதைக் கேட்டுக் கேட்டே ருஷ்ய மொழி கற்றீர்கள். வென்றவர் மொழியில் கனவு கண்டு, தோற்றவர் மொழியில் விழிப்பதாக ஒருமுறை எங்களிடம் சொன்னீர்கள்.

ஜாருக்கு எதிராக மலைமக்கள் செய்த கலகம் அடங்கிய அந்த இலையுதிர்காலத்தில், கோத்லுரியை எரித்து மக்களைச் சமவெளிக்கு ஓட்டும் ஆணையோடு கர்னல் ஓசெரின் மலையேறினார். அதை ஊராருக்குப் படித்துக்காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தது. மூடுபனி முகங்களை விழுங்கியிருந்தது; குரல்கள் மட்டும் மிதந்து வந்தன. ஒரு சொல் விடாமல் படித்தீர்கள்.

“நம்ம ஊர்ப் பால் குடிச்ச வாயாலயா இதப் படிக்கிறே, தம்பி?” என்றாள் ஸலிஹத் என்னும் விதவை.

தலை குனிந்தீர்கள். பிறகு நிமிர்ந்து, “உன் வீட்டுல யார் யார் இருக்காங்க, என்ன செஞ்சாங்க, சொல்லுக்கா. துரை காதுல நான் போடறேன்,” என்றீர்கள்.

காலையில் தொடங்கி வீடு வீடாக வந்தார்கள். வசையை வசையாகவே, அழுகையை அழுகையாகவே கர்னலிடம் சேர்த்தீர்கள். மாலையில் உங்கள் தொண்டை கட்டிப்போயிற்று.

“போதும்ப்பா, நிறுத்து! குதிரையெல்லாம் குளிர்ல நடுங்குது,” என்றார் கர்னல்.

“இன்னும் பதினோரு வீடு இருக்குங்க, துரை.”

“நான் கேக்கலேன்னா?”

“அப்ப இனிமே அவங்க மொழியில நீங்களே பேசிக்குங்க. என் வாய் திறக்காது.”

உயிரே போகக்கூடிய பேச்சு, ஐயா அது! கர்னல் குதிரைச் சேணத்தை இறக்கிக் கல்மேல் போட்டு உட்கார்ந்தார்.

“சரி, சொல்லு. அடுத்தது யாரு?”

கலகத்தில் சேர்ந்ததாக ஒன்பது ஆண்கள் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் அறுவர் திரும்பவே இல்லை. இதை மறைத்துப் புகழ்ந்தால் எங்களைத் திருத்துபவரும் நீங்களாகவே இருப்பீர்கள். ஆனால் கடைசி வீடுவரை கேட்ட கர்னல் எரிக்கும் ஆணையைக் கைவிட்டார்; கோத்லுரி எரியவில்லை. அறுபத்திரண்டு வீட்டு அடுப்புப் புகையும் இன்றைக்கும் மலைச்சரிவில் மெல்ல எழுந்து, ஒன்றோடொன்று கலந்து, கண்ணுக்கெட்டாத உயரத்தில் கரைகிறது.

நேற்றுத் தேநீர் வேளையில் எழுத்தர் மித்ரோஃபன், “நாளைக்கு விழாவுல என்ன பேசப்போறீங்க, அண்ணே?” என்று கேட்டார்.

“தெரியலப்பா. என் பேச்சுன்னு ஒண்ணு பேசிப் பழக்கமே இல்ல,” என்றீர்கள்.

அன்பரே! அண்ணலே! நோய் நெருங்காத உடலோடும், நினைவு மங்காத உள்ளத்தோடும் நெடுங்காலம் வாழ்க! இம்மடலை வாசித்து முடித்ததும் நாங்கள் அமர்ந்துகொள்வோம். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்போம். உங்கள் சொல்லை, உங்களுக்காக, நீங்களே பேசுங்கள்.

கேட்கக் காத்திருக்கும்,
மலை மாவட்டக் கச்சேரி எழுத்தர்களும் ஊழியர்களும்