ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறந்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் விர்ராபின் ஊர்ப் பழைய விமானச் சங்கத் தலைவர் கோலின் ரட்ஜ் அவர்களே! சற்றுமுன் நமக்காக ஜெபித்த போதகர் ஷிர்மர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் கிளெமின் மகள் ஜெனவீவ் அவர்களே, மருமகன் அவர்களே! முதியோர் இல்லத்தில் கடைசிவரை கிளெமைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் மரிசோல் அவர்களே! சங்க உறுப்பினர்களே, அவர்களுடைய குடும்பத்தாரே! கோதுமைக் கிடங்கிலிருந்து வேலை உடுப்போடு வந்திருக்கும் மூவரே! கடைசி நாற்காலியில் அசந்து தூங்கும் என் கணவர் எர்வின் அவர்களே! கொட்டகைக் கதவருகே தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நிற்கும் ஐயா, அம்மா, உங்கள் பெயர் எனக்குத் தெரியவில்லை, மன்னிக்க வேண்டும். எல்லோருக்கும் வணக்கம்.

யாரையும் விட்டுவிடவில்லையே? கணக்கு எழுதுகிற கை இது. ஒரு பெயர் விட்டுப்போனாலும் எனக்கு உறக்கம் வராது.

நான் மேடையில் பேசிப் பழகியவள் அல்ல. இந்தச் சங்கத்தின் பொருளாளர். அதைவிட அதிகமாக இதன் சமையலறைக்காரி. நான் படித்ததெல்லாம் வேதாகமமும் வரவுசெலவும்தான். இன்று எனக்குக் களைப்பாக இருக்கிறது. மறைக்கவில்லை. துக்கத்தால் மட்டும் வந்த களைப்பும் அல்ல இது. அது எப்படி வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் வரவேற்புச் செயலாளர் கிளெம் ஆர்மராட் மறைந்துவிட்டார். அப்படி ஒரு பதவி வேறு எந்த விமானச் சங்கத்தில் இருக்கிறது? எங்கும் இல்லை! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். நின்றவருக்கு நாம் ஒரு பெயர் வைத்தோம், அவ்வளவுதான்.

அவர் யாரையாவது "நீங்கள் யார்?" என்று கேட்டதுண்டா? "விமானம் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டதுண்டா? ஒருநாளும் இல்லை! வெளியே கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறோமே, நம் மஞ்சள் நிற இரட்டை இறக்கை விமானம், அதற்கு பிரேக் கிடையாது. காற்றடிக்கும் நாளில் அது தரையில் ஓடும்போது, இறக்கை முனையில் இருக்கும் கட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக்கு ஒருவர் கூடவே நடக்க வேண்டும். கேட்டுக்குள் புதிதாக யார் வந்தாலும், அவர் கார்க் கதவைச் சாத்துவதற்குள் கிளெம் எதிரே போய் நிற்பார்.

"நல்ல வேளை வந்தீங்க, ஒரு ஆளு குறையுது. இந்தக் கட்டையைப் பிடிங்க. துணியைத் தொடாதீங்க. தூக்க வேணாம், சும்மா கூட நடந்தாப் போதும்."

அவர்களும் நடப்பார்கள். ஓடுபாதையின் கோடியில் விமானம் காற்றுக்கு எதிராகத் திரும்பும், சீறிக்கொண்டு மேலே போய்விடும். மறுபக்கம் பிடித்து வந்த கிளெமும் வந்தவரும் வெறுங்கையோடு, காதில் இரைச்சலோடு, அவ்வளவு தூரமும் திரும்பி நடக்க வேண்டும். வந்தவர் தாமாகவே பேசத் தொடங்கிவிடுவார். மனைவியை இழந்தது, வேலை போனது, சின்ன வயதில் வயலுக்கு மேலே பார்த்த விமானம்... கொட்டகைக்கு வந்து சேரும்போது அவர் நம்மில் ஒருவர். இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனை பேர் அந்தத் தூரத்தை நடந்து வந்தவர்கள்!

மரிசோல் வந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊருக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. மற்றவர்களைப் போலவே கட்டையைப் பிடித்து நடந்தாள். மாலையில் கிளெம் அவளை விமானத்தில் உட்கார வைத்துக் காட்ட நினைத்தார். கீழ் இறக்கையில் கால் வைக்கக் கறுப்புப் பட்டை ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டினால் வெறும் துணிதான். மரிசோல் தாண்டிவிட்டாள்! படுக்கை விரிப்பு கிழிவதுபோல ஒரு சத்தம். முழங்கால்வரை உள்ளே.

அது நகர விழாவுக்கு முந்தின வாரம். கோலின் சமையலறை வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"யாருய்யா இவங்களை ஏத்தினது? போச்சு, எல்லாம் போச்சு! விழாவுக்கு இனி எதைப் பறக்க விடறது, என் தொப்பியையா?"

"நான்தான் ஏத்தினேன்," என்றார் கிளெம். "கத்தாதே கோலின், மரத்துல இருக்கற காக்கட்டூ கிளியெல்லாம் பறந்து போயிடும். நீ வந்த அன்னைக்கு எந்தக் கால் உள்ள போச்சு? இடது காலா, வலது காலா?"

"அது வேற விஷயம்டா!"

"ஆமாம், வேறதான். உன் ஓட்டை இதைவிடப் பெருசு."

கோலின், நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அந்த விழாவில் நம் விமானம் பறக்கவும் இல்லை. ஆனால் மரிசோல் அழுதுகொண்டே போய்விடவில்லை. கிளெம் துணியும் கத்தரியும் கொண்டு வந்து அவள் கையிலேயே கொடுத்தார். "கிழிச்சவங்கதான் ஒட்டணும். இங்க அதான் வழக்கம். ஓட்டை போட்டுட்டு ஓடிப்போனவங்க யாரும் கிடையாது." நகப்பூச்சு வாசனை வீசும் அந்தப் பசையைத் தடவி, காயவிட்டு, தேய்த்து, மறுபடியும் தடவி, இரண்டு வாரம் அவள் வந்து வந்து ஒட்டினாள். வெளியே போய்ப் பாருங்கள். கோலினின் ஒட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது மரிசோலின் ஒட்டு. ஆண்டவர் சாட்சியாகச் சொல்கிறேன், மரிசோலின் ஒட்டுதான் நேராக இருக்கிறது.

கிளெம் கலகலப்பான மனிதர் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். இல்லவே இல்லை. மாலையானதும் என் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் கிளெம், வர்றவங்கள்ல பாதிப் பேரு திரும்பி வர்றதேயில்ல. டீயும் கேக்கும்தான் தீருது. இந்த வேலை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குன்னு யாரு சொன்னா? பல்லு தேய்க்கறதும்தான் பிடிக்கல, தினமும் தேய்க்கலையா?" என்றார். பிறகு கண்ணைத் திறக்காமலே, "திரும்பி வராதவங்களும் டீ குடிச்சுட்டுத்தானே போனாங்க ஹில்டா? அது போதும், விடுங்க."

அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு ஞாயிறு காலை. ஆராதனையிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். மரிசோலிடமிருந்து போன்.

"ஹில்டாக்கா, கேட்டு திறந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. சாப்பிட மாட்டேங்கறாரு. திறந்தாச்சுன்னு பொய் சொல்லிடட்டுமா?"

"பொய் சொல்லாதேம்மா. கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. போய்த் திறந்துட்டுச் சொல்றேன்."

போனேன். திறந்தேன். "திறந்தாச்சு" என்று போனில் சொன்னேன். சாப்பிட்டாராம். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் அந்த வார்த்தையை நான் பொய்யாக்கவில்லை. வீங்கிய காலோடு அந்த வடகாற்றில் நிற்கிறேன். கேட்டருகே நின்றால் அடுப்பில் கேக் கருகுகிறது. அடுப்பருகே நின்றால் வந்தவர்கள் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். என் களைப்பு இதுதான் சகோதரர்களே!

வருகிற மாதத்திலிருந்து கேட்டைப் பூட்டிவிடலாம், பார்க்க விரும்புவோர் முன்கூட்டியே போன் செய்து வரட்டும் என்று கோலின் சொல்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் வயதாகிறது, எல்லோருக்கும் வயதாகிறது. ஆனால் கேளுங்கள். நம்மில் யார் போன் செய்துவிட்டு வந்தோம்? மரிசோல் செய்தாளா? கோலின், நீங்கள் செய்தீர்களா? பூட்டிய கேட்டுக்கு முன்னால் இறங்கி, "நல்ல வேளை வந்தீங்க" என்று சொல்ல ஆளில்லாமல், திரும்பிப் போயிருக்க மாட்டோமா!

கிளெம் ஆர்மராட் அவர்களே! உங்கள் சவப்பெட்டி போன வழியை நோக்கி இதைச் சொல்கிறேன். எனக்குப் பலம் உள்ளவரை இந்தச் சமையலறையில் டீ இருக்கும். இறக்கையில் யார் கால் உள்ளே போனாலும் துணியும் கத்தரியும் எடுத்துக் கொடுப்பேன். கர்த்தர் எனக்குத் தந்த பங்கு அது, அதை விடமாட்டேன். ஆனால் கேட்டருகிலும் நிற்க என்னால் இனி முடியாது.

அன்பர்களே, ஆரம்பத்தில் நான் பெயர் சொல்லி வணங்க முடியாமல் போன இருவர் கதவருகே இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள். துக்கக் கூட்டம் என்று தெரிந்து வந்தவர்களாகத் தெரியவில்லை. வெளியே மஞ்சள் விமானத்தைப் பார்த்துவிட்டு, கேட் திறந்திருக்கிறதே என்று உள்ளே வந்திருக்கிறார்கள். நான் பேசத் தொடங்கியதிலிருந்து யாரும் அவர்களுக்கு ஒரு நாற்காலிகூட நகர்த்தவில்லை. யாரும் பெயர் கேட்கவில்லை. நான் ஒலிபெருக்கி முன்னால் நிற்கிறேன்.

வெளியே காற்று வலுக்கிறது. விமானத்தைக் கொட்டகைக்குள் கொண்டுவர வேண்டும். பக்கத்துக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஐயாவையும் அம்மாவையும் கூப்பிட்டுக் கட்டையைப் பிடிக்கச் சொல்ல உங்களில் யார் எழுந்து போகிறீர்கள்? அடுத்த ஞாயிறும், அதற்கு அடுத்த ஞாயிறும் கேட்டருகே யார் நிற்கிறீர்கள்?

தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.