தூக்கறதுக்கு முன்னாடி

இல்ல மேடம், பொய் சொல்லல. மூணு மாசமா அந்தப் பயிற்சிய ஒரு நாள் விடல. காலைல பத்து தடவ, மத்தியானம் பத்து, படுக்கறதுக்கு முன்னாடி பத்து. உங்க ஆஸ்பத்திரில குடுத்த காகிதத்த அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிருக்கேன். வீட்ல தையல் மிஷின்ல உக்காந்துகிட்டேகூடப் பண்றேன். எம்மக கேக்கறா, ஏம்மா மூஞ்சி இப்படிச் செவக்குதுன்னு.

ஆமா, மூச்சப் பிடிச்சுக்கிட்டுத்தான். பின்ன எப்படிக் கீழ முக்கறது?

முக்கக் கூடாதா? உள்ள, மேல இழுக்கணுமா? காத்து பிரியாம அடக்கற மாதிரியா? அடக் கடவுளே. பிரசவத்துல முக்கு முக்குன்னு நர்சுங்க கத்துனாங்களே, அந்த நெனப்புலயே மூணு மாசமா முக்கித் தள்ளியிருக்கேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுது போங்க. அதான் ஒண்ணுக்குக் கசியறது கொறையாம கூடிக்கிட்டே போகுது. நீங்க சிரிங்க, பரவால்ல. நான் சிரிச்சாத்தான் நனைஞ்சிடும்.

சரி, பண்றேன். மூச்சு விட்டுக்கிட்டே இழுத்துப் பிடிக்கணும். ஒண்ணு, ரெண்டு, மூணு... போச்சு. மூணுக்கு மேல நிக்க மாட்டேங்குது. இது சரியாகறதுக்கு எவ்வளவு நாள் ஆகும்? இன்னும் மூணு மாசமா? அவ்வளவு நாள் எனக்கு இல்ல மேடம்.

எம்மகளத் தூக்கணும். பதினாலு வயசு. பொறந்ததுல இருந்து நடக்க மாட்டா, வாய் மட்டும் வக்கீல் வாய். கட்டில்ல இருந்து நாற்காலிக்கு, நாற்காலில இருந்து பாத்ரூமுக்கு, ஒரு நாளைக்கு எட்டுத் தடவயாவது தூக்குவேன். அவங்கப்பா லாரில போனா வாரக்கணக்கு. என்ன விட்டா அவளுக்கு ஆளில்ல. இப்ப அவளும் கனத்துட்டா. தம் கட்டித் தூக்கறேன் பாருங்க, அந்த நேரம் பாத்து விட்டுப்போகுது. கறுப்புச் சேலையாப் பாத்துக் கட்டறேன், உள்ள துணி மடிச்சு வெக்கறேன், தண்ணியக்கூட வாய நனைக்கறதோட நிறுத்திட்டேன்.

அதுவும் தப்பா? சரி, குடிக்கறேன். தூக்கறதுக்கு முன்னாடியே இழுத்துப் பிடிச்சுக்கணும், பிடிச்சபடியே தூக்கணும், அப்படித்தானே? இது மட்டும் முன்னமே தெரிஞ்சிருந்தா.

அழுகைதான் மேடம், அது பாட்டுக்கு வரட்டும்.

போன ஞாயித்துக்கிழம அவளத் தூக்கறப்ப இருமல் வந்துடுச்சு. மொத்தமும் விட்டுட்டேன், அவ கால்மேலயே பட்டுது. தண்ணி கொட்டிடுச்சுடின்னேன். அவ என் கழுத்தக் கட்டிக்கிட்டு அப்படியே இருந்தா.

அதுக்கப்புறம் பாத்ரூமுக்கு நாளைக்கு ரெண்டே தடவதான் கூப்பிடறா. நானும், பிள்ளைக்கு வளர வளர அடக்கிக்க வருது, நல்லதுன்னு நெனச்சேன். தினம் அவ பக்கத்துல தண்ணி பாட்டில் வெப்பேன், சாயங்காலம் காலியாத்தான் இருக்கும். ஜன்னல்ல அவ கைக்கு எட்டற மாதிரி ஒரு செடித்தொட்டி இருக்கு. நேத்து பாக்கறேன், செடி வேரோட அழுகிக் கெடக்கு, தொட்டி நெறயத் தண்ணி.

ஏண்டி குடிக்கலன்னு கேட்டேன். நீ குடிக்கறியாம்மான்னா.

இந்தாங்க, மறுபடி பிடிக்கறேன். நீங்க எண்ணுங்க.