சிவப்பு விளக்கில் நின்ற வண்டி

மருமகன்: நிக்காதீங்க மாமா... போங்க, போங்க.

மாமா: சிவப்பு எரியுது மாப்ள.

மருமகன்: எரிஞ்சா எரியட்டும். இது கேம்.

மாமா: கேம்னா சிவப்பு பச்சையாயிடுமா? குறுக்கால ஒரு அம்மா கைப்பையோட போறாங்க பாருங்க.

மருமகன்: அந்த அம்மா நெஜமில்ல மாமா. கம்ப்யூட்டர் நடக்க விடுது.

மாமா: அது அவங்களுக்குத் தெரியுமா?

மருமகன்: ...போச்சு. இந்த ஓட்டமும் செல்லாது. மறுபடி முதல்லேருந்து.

மாமா: ஏன் செல்லாது? வண்டியில ஒரு கீறல் இல்லையே.

மருமகன்: கீறலா முக்கியம்? ஒரே தெரு, ஒரே மழை, ஒரே திருப்பம். மூணு தடவையும் ஒரே மாதிரி போனாத்தான் கம்பெனி டெஸ்ட் பண்ணக் குடுத்த, திரையில படம் வரையிற இந்த கிராபிக்ஸ் கார்டு எப்படி வேலை செய்யுதுன்னு சொல்ல முடியும். நீங்க சிக்னல்ல நின்னுட்டா திரையில எதுவும் ஓடாது. கார்டு காலை நீட்டிப் படுத்துக்கும். நம்பர் சும்மா எகிறும்.

மாமா: நிக்கிற வண்டியில எஞ்சினுக்கு ரெஸ்ட். அவ்வளவுதான?

மருமகன்: அதேதான். அதனால தயவுசெஞ்சு நிக்காதீங்க.

மாமா: இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டின காலு மாப்ள. சிவப்பப் பாத்தா அதுவே பிரேக்க மிதிக்குது. நான் என்ன பண்ண?

மருமகன்: கால விடுங்க. கை எங்க இருக்கு? வலது கை... கீழ வழுக்கிடுச்சு பாருங்க. ஸ்டியரிங் மேல வைங்க.

மாமா: வெச்சுட்டேன், வெச்சுட்டேன். டிப்போவுல செக்கிங் இன்ஸ்பெக்டரே இவ்வளவு பேசமாட்டாரு.

மருமகன்: ரெடியா? ரெக்கார்டிங் போட்டுட்டேன். கிளம்புங்க.

மாமா: சீட் பெல்ட்?

மருமகன்: மாமா...

மாமா: சரி, சரி. ரைட், போலாம்.

மருமகன்: அப்படித்தான். நேரா... வேகமா போங்க. இன்னும் வேகமா. பேக்கரி வந்ததும் வலது பக்கம்... திரும்புங்க... சூப்பர்.

மாமா: என்ன வந்துச்சு நம்பர்?

மருமகன்: ஐம்பத்தெட்டு. நொடிக்கு ஐம்பத்தெட்டு படம் வரைஞ்சிருக்கு.

மாமா: ஐம்பத்தெட்டா... வந்த புதுசுல தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சுன்னு குதிச்சுக்கிட்டு இருந்தீங்க. அதுக்குள்ள கார்டுக்கு வயசாயிடுச்சா?

மருமகன்: அது... செட்டிங்க ஏத்தி வெச்சிருக்கேன் மாமா. மழைத்துளி, ரோட்டுல தண்ணியில தெரியிற வெளிச்சம், எல்லாத்தையும் முழுசா. அதான் திணறுது.

மாமா: ஓ. அப்படியா.

மருமகன்: ஆமா. அப்படித்தான்.

மாமா: கம்ப்யூட்டர் பெட்டி மேல எதுக்கு துண்டு தொங்குது? குளிருதா அதுக்கு?

மருமகன்: கண்ணாடிப் பக்கம் மாமா. உள்ள லைட்டு... உங்க கண்ணு கூசும்.

மாமா: நீல லைட்டுதான? அழகாத்தான் இருந்துச்சு.

மருமகன்: அடுத்த கேம் போடவா? குதிரை?

மாமா: போடுங்க. இதுல சிக்னல் இல்ல, உங்களுக்கும் நிம்மதி.

மகள்: அப்பா, மாத்திரை போட்டாச்சா?

மாமா: ஆச்சும்மா. வேலை நேரத்துல டிரைவர்கிட்ட பேசக்கூடாது, போர்டு படிச்சதில்ல?

மகள்: நல்ல வேலை. ரெண்டு பேருக்கும் டீ வெச்சிருக்கேன். டாக்டர் குடுத்த ரப்பர் பந்து எங்கப்பா? அலமாரியில காணோம்.

மாமா: அது... எதிர் வீட்டு நாய்க்கு வெளையாட ஒண்ணுமில்லாம பாவமா பாத்துச்சு.

மகள்: நாய்க்குக் குடுத்துட்டீங்களா? கைக்குப் பயிற்சி பண்ணக் குடுத்தது அது.

மாமா: நாள் முழுக்க உக்காந்து பந்தப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கிறது ஒரு வேலையாம்மா? மாப்ளைக்கு ஆள் வேணும், நான் ஓட்டுறேன். இது வேலை.

மகள்: இவருக்கு ஆள் வேணுமாம்... நல்லா இருக்கு. நான் கடைக்குப் போயிட்டு வரேன். காலையில டிப்போவுக்குப் போடச் சட்டை தேச்சு மாட்டி வெச்சிருக்கேன். அதையும் நாய்க்குக் குடுத்துடாதீங்க.

மாமா: ம்.

மருமகன்: மாமா... குதிரை மரத்துல போய் முட்டுது.

மாமா: ஆங். பாக்கல.

மருமகன்: இதுல காட்டப் பாருங்க. ஒவ்வொரு இலையும் தனித்தனியா அசையுது. கார்டுக்குப் பெண்டு நிமிந்துடும்.

மாமா: பாவம், எவ்வளவு நேரமா ஓடுது குதிரை. தண்ணி காட்ட பட்டன் எதாவது இருக்கா?

மருமகன்: இருக்கு. அமுக்காதீங்க. ஆத்தத் தாண்டி மேட்டுல ஏத்துங்க.

மாமா: இந்த எடத்துல ஒரு வெட்டு வெட்டுது மாப்ள. பாத்தீங்களா? திக்குன்னு நின்னு போகுது.

மருமகன்: பாத்தேன். சராசரி அறுபத்தி ரெண்டு காட்டும், நல்லாத்தான இருக்குன்னு தோணும். ஆனா நடுநடுவுல சட்டுனு இருபதுக்கு விழுந்து எழுந்திரிக்கும். வெளையாடுறவனுக்கு அந்த விழுறதுதான் தெரியும், சராசரி தெரியாது.

மாமா: அது சரிதான். நேரத்துக்குக் கொண்டு போய் சேத்தாலும், வழியில ஒரு பள்ளத்துல தூக்கிப் போட்டா, இறங்குற ஆளு அந்தப் பள்ளத்தத்தான் சொல்லித் திட்டிட்டுப் போவான்.

மருமகன்: அடுத்தது போர் கேம் போடவா? அதுல புகையும் நெருப்பும் நெறைய. நல்ல சோதனை.

மாமா: போன தடவ மாதிரி நான் ஓரமா நின்னுக்கறேன். நம்ம கையால யாரையும் சுடமாட்டேன்.

மருமகன்: நீங்க நின்ன எடத்துல வந்து உங்களையே சுட்டுட்டுப் போனாங்க.

மாமா: அவங்க புத்தி அவ்வளவுதான்.

மருமகன்: ...மாமா, ஒண்ணு கேக்கவா?

மாமா: கேளுங்க.

மருமகன்: சட்டைன்னு சொன்னதும் ஏன் முகம் விழுந்துடுச்சு?

மாமா: ஒண்ணுமில்ல.

மருமகன்: மாமா.

மாமா: ...நாளைக்குப் போகலாமா வேண்டாமான்னு இருக்கு.

மருமகன்: என்ன பேச்சு இது? ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்தாச்சு. டிப்போவுல நாளைக்கு வரச் சொல்லியாச்சு. வெறும் பஸ்ஸ யார்டுல ஓட்டிக் காட்டணும், அவ்வளவுதான.

மாமா: அவ்வளவுதான். ஓட்டிட்டா பழையபடி என் ரூட்டு, என் வண்டி. கை வழுக்கிட்டா, உள்ள ஜன்னல் ஓரமா ஒரு நாற்காலி போட்டு, போற வர்ற பஸ்ஸ எண்ணச் சொல்லுவாங்க. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அடுத்தவன் ஓட்டுற வண்டிய வேடிக்கை பாக்கணும். போகாம இருந்துட்டா... இன்னும் கொஞ்ச நாள் தெரியாமலாவது இருக்கும்ல?

மருமகன்: வழுக்காது.

மாமா: இது பிளாஸ்டிக் ஸ்டியரிங் மாப்ள. மேசையில கிளிப் போட்டு மாட்டினது. அது பஸ்ஸு. உள்ள ஆளுங்க இருப்பாங்க.

மருமகன்: நாளைக்கு இருக்க மாட்டாங்க.

மாமா: அதுக்கு மறுநாள் இருப்பாங்கள்ல?

மருமகன்: ...டீ ஆறுது. எடுத்துக்குங்க. போர் வேண்டாம், மறுபடி கார் கேமே போடுறேன். மழைய இன்னும் கொஞ்சம் ஏத்துறேன். கடைசியா ஒரே ஒரு ஓட்டம்.

மாமா: கடைசியாவா?

மருமகன்: கார்டுக்கு மாமா. கடைசிப் பரீட்சை. இந்தத் தடவ நிக்கவே கூடாது.

மாமா: பாக்கலாம்.

மருமகன்: கிளம்புங்க... நல்லா இருக்கு... லாரி வருது, ஒதுங்குங்க... அப்படித்தான்.

மாமா: இவன் எவன்டா, இன்டிகேட்டர் போடாம திரும்புறான். கம்ப்யூட்டர்காரனுங்களுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தா?

மருமகன்: ரோட்டப் பாருங்க. பேக்கரி வருது.

மாமா: தெரியுது, தெரியுது... டீயில சக்கரை கம்மியா போட்டிருக்கா உங்க வீட்டுக்காரி.

மருமகன்: ...

மாமா: திரும்பிட்டேன். பாலத்து மேல ஏறட்டா?

மருமகன்: ...

மாமா: மாப்ள? ஏறட்டா? என்ன பேச்சையே காணோம்?

மருமகன்: ஏறுங்க மாமா.

மாமா: ஏறியாச்சு. நிக்காம வந்துட்டேன், திருப்தியா? நம்பரப் பாருங்க.

மருமகன்: நம்பர் கிடக்கட்டும். டீ டம்ளர் எந்தக் கையில இருக்கு?

மாமா: இடது கையில.

மருமகன்: எப்ப எடுத்தீங்க?

மாமா: அந்த லாரிய விட்டு ஒதுங்கினப்புறம்... இருங்க, இருங்க.

மருமகன்: பேக்கரி திருப்பம், பாலம், எல்லாம் வலது கை மட்டும்தான் மாமா.

மாமா: இந்தக் கையா?

மருமகன்: வழுக்கல.

மாமா: ...வழுக்கலையே.

மருமகன்: அழாதீங்க மாமா.

மாமா: டீ சூடு. கண்ணுல ஆவி பட்டுடுச்சு.

மருமகன்: டீ ஆறி எவ்வளவு நேரமாச்சு.

மாமா: சும்மா இருங்க மாப்ள... நாளைக்குக் காலையில என்னை டிப்போ வரைக்கும் கொண்டு போய் விடுவீங்களா?

மருமகன்: வெளிய கேட்டுப் பக்கத்துலயே நிக்கிறேன். முடிஞ்சு வர்ற வரைக்கும்.

மாமா: வாதம் வந்து இந்தக் கை விழுந்ததுலேருந்து, வீட்டுல ஆளாளுக்கு என்ன சொன்னாங்கன்னு தெரியும்ல? மெதுவா நடங்க, மெதுவா எழுந்திரிங்க, பாத்து, பாத்து. சோறு கூட பாத்துச் சாப்பிடச் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் வேகமா போங்க, வேகமா போங்கன்னு திட்டினீங்க. இந்த மேசையில உக்காந்தப்ப மட்டும்தான் நான் நோயாளி இல்ல. உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லுறது?

மருமகன்: நன்றியெல்லாம் எதுக்கு மாமா. எங்கப்பா போனப்புறம் என்னை உக்கார வெச்சுப் பேச ஆளில்லாம இருந்தேன். நீங்க வந்து உக்காந்தீங்க. நாந்தான் சொல்லணும்.

மாமா: சரி, அப்ப ரெண்டும் கழிஞ்சுபோச்சு. கார்ட எப்ப திருப்பி அனுப்பணும்?

மருமகன்: கார்டா?

மாமா: கம்பெனிக்காரங்க டெஸ்ட் பண்ணத்தான குடுத்தாங்க? திருப்பிக் கேப்பாங்கள்ல?

மருமகன்: மாமா... நீங்க கோவிச்சுக்கக் கூடாது.

மாமா: சொல்லுங்க.

மருமகன்: கார்டு இங்க இல்ல. போன மாசமே போயிடுச்சு. அதப் பத்தின கட்டுரையும் எழுதி முடிச்சாச்சு. நீங்க ஓட்டின வீடியோவையும் அதுல போட்டேன். வண்டி ஏன் எல்லா சிக்னல்லயும் நிக்குதுன்னு நெறைய பேர் கேட்டாங்க. இப்ப உள்ள இருக்கிறது என்னோட பழைய கார்டு. அதான் துண்டு. அதான் ஐம்பத்தெட்டு.

மாமா: ம்.

மருமகன்: பந்தத் தொடமாட்டேங்கிறீங்க. இந்த ஸ்டியரிங்க மட்டும் விடமாட்டேங்கிறீங்க. டெஸ்ட் முடிஞ்சுபோச்சுன்னு சொன்னா இதையும் விட்டுடுவீங்கன்னு பயமா இருந்துச்சு. அதான் மறைச்சேன். அன்னிக்குக் கார்ட வாசல்ல பேக் பண்ணி வெச்சுட்டுக் குளிக்கப் போனேன், வந்து பாத்தா கூரியர்காரர் எடுத்துட்டுப் போயிருந்தாரு. உங்க மக எடுத்துக் குடுத்திருப்பா. அவகிட்ட கூட நான்...

மாமா: அவ அன்னிக்கு ஆபீஸ் போயிட்டா மாப்ள.

மருமகன்: ...அப்ப யாரு குடுத்தது?

மாமா: கூரியர்காரர் கையெழுத்து கேட்டாரு. இடது கையிலதான் பேனாவ வாங்கினேன். என்னமோ தோணுச்சு, வலது கைக்கு மாத்தினேன். கோழி கிறுக்கின மாதிரிதான் வந்துச்சு... ஆனா நோய் வந்தப்புறம் இந்தக் கையால போட்ட முதல் கையெழுத்து அதுதான். உங்ககிட்ட காட்டலாம்னு உக்காந்திருந்தேன். நீங்க தலைய துவட்டிக்கிட்டே வந்து, ‘மாமா, டெஸ்ட் இன்னும் முடியல, ஓட்ட ஆள் வேணும்’னு சொன்னீங்க. வாய மூடிக்கிட்டேன். மொதல்ல எல்லாம் பழக்க தோஷத்துல நின்னதுதான் மாப்ள, பொய் சொல்லல. அன்னிக்கப்புறம்... சிவப்புல நின்னா அந்த ஓட்டம் செல்லாது, மறுபடி முதல்லேருந்து ஓட்டணும்னு நீங்கதான சொன்னீங்க. அதான் நின்னேன்.